பாலையடிக்கொல்லை விளக்குக் குதிரை

சுகுணாவோடு பஸ்ஸில் போவது பெரிய ரோதனை என்று அவள் கணவன் உதயசூரியன் சொல்வான். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்ததும் அவள் கண் வெளியே போய்விடும். விரல் மடியில் எதையோ தட்டிக்கொண்டே வரும். "வாழை எலைக்கு நாலு புள்ளி போதுங்க" என்பாள் திடீரென்று. முந்திரித் தோப்பு வந்தால், "பழத்துக்கு அஞ்சு, கொட்டைக்குத் தனியா மூணு" என்பாள். முன்சீட்டுக்காரர் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்ப்பார். உதயசூரியன்தான் சமாதானம் சொல்ல வேண்டும். "தொழில் அப்படிங்க. நீங்க அங்கிட்டுத் திரும்பிக்கங்க, இல்லன்னா ஒங்க மூக்குக்கும் புள்ளி வச்சிரும்."

தொழில் அப்படித்தான். கையால் படம் போடுகிறவர்கள் பென்சிலை இழுப்பார்கள். சுகுணா எதையும் இழுப்பதில்லை. கம்ப்யூட்டரில் கோரல் என்ற படம் வரையும் மென்பொருளைத் திறந்து, ஓர் இடத்தில் ஒரு புள்ளி வைப்பாள், தள்ளி இன்னொன்று வைப்பாள். நடுவில் கோடு தானாக வந்து நிற்கும். புள்ளியைத் தொட்டால் அதன் இரண்டு பக்கமும் மீசை முளைத்த மாதிரி இரண்டு கைப்பிடிகள் நீளும். அந்த மீசையை முறுக்கினால் கோடு வளையும். எவ்வளவு குறைந்த புள்ளியில் முடிக்கிறோமோ அவ்வளவு வழுவழுப்பு. போட்டோவைக் கொடுத்து, 'நீயே கோடு எடு' என்று கம்ப்யூட்டரிடமே விட்டுவிடலாம்தான். ஆனால் அது ஒரு காது மடலுக்கே வெல்லக்கட்டியில் எறும்பு மொய்த்தது போலப் புள்ளி வைத்துவிடும். அப்படி வந்த படத்தில் வேண்டாத புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிவதில் அவளுக்கு ஒரு தனிச் சந்தோஷம். பேன் பார்க்கிற சந்தோஷம் என்பாள்.

அவள் பிறந்தது ஆலங்குடிக்குக் கிழக்கே பாலையடிக்கொல்லையில். அப்பா வெள்ளைச்சாமிக்குக் கொஞ்சம் கடலை, கொஞ்சம் முல்லைப்பூ. அம்மா செவந்தி விடியுமுன் பூப்பறித்து, விடிந்ததும் கட்டி, பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். அந்த ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண் சுகுணா. புதுக்கோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்து கணிதம் படித்தாள். பட்டமளிப்பு போட்டோ இன்றைக்கும் வெள்ளைச்சாமி வீட்டு நடுக்கூடத்தில், கல்யாணப் போட்டோவைவிட ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருக்கிறது. எந்தப் பரீட்சை எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நாளில், சும்மா இருக்க வேண்டாமே என்று ஆலங்குடியில் ஒரு டிடிபி கடையில் சேர்ந்தாள். காதணி விழாப் பத்திரிகையில் மாமன்மார் பெயர்களை வரிசைப்படுத்தி அடிப்பதுதான் வேலை. அங்கேதான் கோரல் கைக்கு வந்தது. அங்கேதான் நோட்டீஸ் அடிக்க வந்த உதயசூரியனும் வந்தான்.

அவன் ஒலி ஒளி அமைப்பகம் வைத்திருந்தான். மைக், டியூப்லைட், ஜெனரேட்டர் எல்லாம் சொந்தம். திருவிழா வாசலில் ஓடி ஓடி எரியுமே, சீரியல் பல்பு தட்டி, அது மட்டும் வெளியூரிலிருந்து வாடகைக்கு வரும். கல்யாணமான புதிதில் அப்படி வந்த ஒரு கிளித் தட்டியைச் சுகுணா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கிளிக்கு ஏன் மூக்கு முழங்கால் மாதிரி இருக்கு?"

"வாடகைக் கிளி அப்படித்தான் இருக்கும்."

"கோட்டுல புள்ளி தப்பா விழுந்திருக்குங்க. நான் போடவா?"

அப்படி ஆரம்பித்தது. அவள் உருவத்தைக் கோடாகப் போடுவாள். கோட்டின்மேல் ஒரே சீரான இடைவெளியில் துளைக்கு அடையாளம் வைப்பாள். புதுக்கோட்டையில் பட்டறை வைத்திருக்கும் அரவிந்த்குமார், அந்தப் படத்தைத் தன் மெஷினுக்குக் கொடுத்துக் கறுப்பு ஷீட்டில் துளை போடுவான். துளைகளில் பின்பக்கமிருந்து பல்பைச் செருகினால் முன்பக்கம் உருவம் எரியும். முதலில் செய்தது மயில். சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் தோகையில் கிளம்பி அலகில் போய் முடிந்தது. மயில் தன் வாலைத் தானே விழுங்குவது போல இருந்தது. கோட்டுக்குத் திசை உண்டு என்பதைச் சுகுணா அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். எந்தப் புள்ளியில் கோடு பிறக்கிறதோ அங்கிருந்துதான் பல்பும் எரிந்துகொண்டு போகும். அழவில்லை. சிரிப்புத் தாளாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அன்னவாசல், பொன்னமராவதி வரைக்கும் அவர்கள் தட்டி போய் நின்றது. பிறந்த ஊரில்தான் நிற்கவில்லை.

பாலையடிக்கொல்லை கருப்பர் கோயிலுக்குப் பெண்கள் குடம் சுமந்து போகும் மது எடுப்புத் திருவிழாவுக்குத் தட்டி எப்போதும் வெளியூர்ப் பார்ட்டியுடையதுதான். விழாக் குழுத் தலைவர் சேவுகன் சுகுணாவுக்குப் பெரியப்பா முறை. ஒவ்வொரு வருசமும் கேட்பாள். அவரும் ஒவ்வொரு வருசமும், "நீ நம்ம வீட்டுப் புள்ளத்தா. நாளப்பின்ன பல்பு எரியலன்னா ஒன்னைய வைய முடியுமா? வெளியூர்க்காரன்னா நல்லா வையலாம்" என்பார். இந்த வருசம் சுகுணா விடவில்லை. "பெரியப்பா, எரியலன்னா மைக்குலயே வைங்க. எங்க மைக்குத்தானே" என்றாள். சேவுகன் சிரித்துவிட்டார். சிரித்த வாயால் மறுக்க முடியவில்லை.

அவள் போட்டது குதிரையில் போகும் கருப்பர். குதிரைக்குக் கால்களை மட்டும் மூன்று விதமாக வரைந்தாள். மூன்றும் மாறி மாறி எரிந்தால் குதிரை பாய்ந்து ஓடும். இந்த ஊரில் ஒரு கட்டு உண்டு. திருவிழாவில் எது போனாலும் கிழக்கே, கோயிலைப் பார்த்துத்தான் போக வேண்டும். மாட்டுவண்டியைக்கூடத் திருப்பி நிறுத்த மாட்டார்கள். தட்டி சாலைக்குத் தென்புறம் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். தட்டி அங்கே நின்றால், சாலையிலிருந்து அதைப் பார்க்கிறவருக்குக் கோயில் இடதுகைப் பக்கம். ஆகவே கருப்பர் இடப்பக்கம் பார்த்து ஓடினார். சிறு வயதில் பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த அந்தச் சாலையில் தன் குதிரை ஓடப்போகிறது என்று நினைக்கும்போதெல்லாம், சோற்றில் குழம்பு ஊற்ற மறந்து வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள்.

மது எடுப்பு அன்று காலையிலேயே உதயசூரியன் ஆட்களோடு போய்த் தட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டான். சுகுணா வேலைகளை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். இறங்கியவள் அப்படியே நின்றாள். தட்டி வடபுறத்தில் நின்றது.

"தென்பக்கம் கரண்டுக் கம்பி ரொம்பத் தாழ இருக்குன்னு லைன்மேன் வேணாம்ட்டாரு. அதான் பெரியப்பாவும் நானும் இங்கிட்டு மாத்திட்டோம். நெழலும் இருக்கு பாரு" என்றான் உதயசூரியன் பெருமையாக.

அவள் பதில் சொல்வதற்குள், மதுக்குடத்துக்குத் தென்னம்பாளை வாங்கிக்கொண்டு வந்த செவந்தி தட்டியை அண்ணாந்து பார்த்தாள். குதிரையின் முகம் பார்த்த திசையைப் பார்த்தாள்.

"ஏண்டி சுகுணா, கருப்பரு என்ன ஆலங்குடிக்குப் பஸ் ஏறப் போறாரா?"

சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் வைத்துவிட்டால் பார்க்கிறவரும் திரும்பி நின்றுதானே பார்க்க வேண்டும்? இடக்கைப் பக்கம் இப்போது மேற்கு. குதிரை கோயிலுக்கு வாலைக் காட்டிக்கொண்டு நின்றது. கம்பியைப் பார்த்தார்கள், நிழலைப் பார்த்தார்கள், சாமியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. சேவுகன் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஊரே கோயிலுக்குப் போகுது, சாமி மட்டும் ஊரைவிட்டுப் போகுது. குடம் எடுத்துக்கிட்டு வர்ற பொம்பளைக முகத்துல எப்படி முழிக்கிறது? எறக்குங்கப்பா. தட்டி இல்லாமலே திருவிழா நடக்கட்டும்."

சுகுணா தட்டியின் காலைப் பிடித்துக்கொண்டாள். இன்று இறக்கினால் அவ்வளவுதான். 'சாமியை ஊரைவிட்டு ஓட்டின தட்டி' என்று அடுத்த தலைமுறை வரை பேசுவார்கள்.

உதயசூரியன் மெதுவாக, "அப்படியே முழுத் தட்டியையும் திருப்பி வச்சிருவோமா?" என்றான்.

"திருப்பினா பின்பக்கந்தாங்க தெரியும். ஒயரப் பாத்துக் கும்பிடுவாங்களா?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். துளை துளைதானே. இந்தப் பக்கம் செருகினால் என்ன, அந்தப் பக்கம் செருகினால் என்ன? "பெரியப்பா, எறக்குங்க. ஆனா ஏத்தத்தான் எறக்குறோம். பல்பெல்லாத்தையும் உருவிட்டு, ஷீட்டப் பொரட்டிப் போட்டு, மறுபக்கத்துலேர்ந்து செருகினா குதிரை தானா கிழக்கப் பாக்கும்."

"எம்புட்டு பல்பு இருக்கு தெரியுமா?" என்றான் உதயசூரியன் பலவீனமான குரலில்.

"செருகினது நீங்க. ஒங்களுக்குத்தான் தெரியும்."

கூட்டம் சிரித்தது. சேவுகன் சிரிக்கவில்லை. விரலால் காற்றில் ஏதோ கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "நில்லுத்தா. பொரட்டிப் போட்டா அருவா எந்தக் கைக்கு வரும்?"

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்களை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் குதிரையில் ஏறுவது போல உட்கார்ந்தார். பக்கத்தில் கிடந்த தென்னமட்டையை எடுத்து அருவாளாக ஓங்கினார். "இப்படிப் பாத்து ஒக்காந்தா, ஒங்களுக்குப் பக்கத்துல தெரியுறது எடக்கை. அது கடிவாளத்தப் புடிச்சிருக்கு. சோத்துக்கை அந்தாண்ட, அதுல அருவா. சரியா? இப்ப என்னையப் பொரட்டு. எடக்கையில அருவாளா? கருப்பரு என்ன நொட்டாங்கைக்காரரா?"

சுகுணா அவரைப் பார்த்தாள். பெரியவர் மட்டையை ஓங்கிக்கொண்டு, மீசை துடிக்க, அசல் கருப்பராகவே உட்கார்ந்திருந்தார்.

"பெரியப்பா, அப்படியே கெழக்கப் பாத்துத் திரும்பி ஒக்காருங்க. சோத்துக்கைல மட்டையப் புடிங்க. இன்னும் கொஞ்சம் ஓங்குங்க. கோவமா."

"யாரு மேல கோவப்பட?"

"எம்மேலதான். காலைலேர்ந்து வச்சிருக்கீங்களே."

போட்டோ எடுத்தாயிற்று. முந்திரி மரத்தடியில் நின்ற மினி லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கருப்பரை இடம் வலமாகத் திருப்புவது ஒரு நொடி வேலை. கைதான் வேலை. தோளில் கோடு வளைகிற இடத்தில் இருந்த இரண்டு புள்ளிகளை உடைத்தாள். அருவாள் கையும் கடிவாளக் கையும் தனியாகக் கழன்று வந்தன; கடிவாளம் பிடித்த கை இனி உடம்புக்கு அந்தப் பக்கம் மறைந்துவிடும். அழித்தாள். தோளில் கோடு வாய் பிளந்து நின்றது. திரையில் பின்னணியாகச் சேவுகனின் போட்டோவை வைத்து, தோளுக்கு ஒரு புள்ளி, முழங்கைக்கு இரண்டு, மணிக்கட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு போனாள். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், "என் கையாத்தா அது?" என்றார் நம்பாமல்.

"ஒங்க கைதான். வாச்ச மட்டும் கழட்டிட்டேன். கருப்பருக்கு எதுக்கு வாச்சு?"

"கொஞ்சம் சதை வையி. ரொம்ப ஒல்லியா தெரியுது."

புள்ளியின் மீசையைப் பிடித்து வெளியே இழுத்தாள். புஜம் பொங்கி எழுந்தது. பெரியவர் தம் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "ம், இப்ப சரி" என்றார். அருவாளின் வளைவுக்கு மூன்றே புள்ளி. பிறகு கையின் இரு முனைகளையும் தோளின் இரு முனைகளோடு சேர்த்தாள். சேர்ந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஓரிடத்தில் மயிரிழை இடைவெளி. அதையும் இழுத்து ஒட்டினாள். கோடு அருவாள் நுனியிலிருந்து தோளுக்கு வருகிறதா, தோளிலிருந்து நுனிக்குப் போகிறதா என்று பார்த்தாள். தப்பாகத்தான் இருந்தது. கோட்டைத் திசை மாற்றிவிட்டு அரவிந்த்குமாருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பட்டறையப் பூட்டிட்டு மாமியா வீட்டுக்குக் கெளம்பிட்டேன்க்கா. பைக்குல இருக்கேன்."

"ஒரே ஒரு ஷீட்டு தம்பி. கருப்பர் கை."

அந்தப் பக்கம் பைக்கை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "சாமி கையா? அனுப்புங்க, திரும்புறேன். எம் பொண்டாட்டிக்கு நீங்களே போன் பண்ணி ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவளுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லியாயிற்று. ஷீட்டு ஆலங்குடி பஸ்ஸில் வரும், உதயசூரியன் போய் வாங்கிவர வேண்டியது. இனி பல்பு. உருவிப் போட்ட பல்புச் சரங்கள் தார்ப்பாயில் குவிந்து கிடந்தன. இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஆகிற காரியமா? சுகுணா தன் அம்மாவைப் பார்த்தாள். செவந்தி சரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பூக்கட்டுறாப்புலதானடி? ஒண்ணு பின்னால ஒண்ணு?"

"அதேதாம்மா. கோடு போற வழிலயே போகணும். ஒண்ணத் தாண்டிட்டா குதிரை நொண்டும்."

செவந்தி தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். பூக்கட்டும் கைகள் எல்லாம் வந்துவிட்டன. தலைக்குக் குளித்து ஈரம் காயாத கூந்தலோடு வந்தார்கள், பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். சுகுணா சாக்பீஸால் ஒவ்வொரு கோட்டின் மேலும் அம்புக்குறி போட்டுக்கொடுத்தாள். வாலுக்கு நாலு பேர், வயிற்றுக்கு நாலு பேர், பின்னங்காலுக்குச் சின்னம்மா.

"அடியே, வாலு எங்களுதுடி. நீ ஏன் இங்கிட்டு வார?"

"ஒன் வாலு நீளமா இருக்கே, கொஞ்சம் தரக் கூடாதா?"

"ஏ சுகுணா, இந்த ஓட்டைல பல்பு ரெண்டு வந்திருச்சு."

"ஐயோ அத்தே, அது குதிரைக்குக் கண்ணு. ஒண்ணு போதும்."

சின்னம்மா குளம்பில் ஒரு துளையைத் தாண்டிவிட்டாள். மொத்தக் காலையும் உருவித் திரும்பச் செருக வேண்டியதாயிற்று. "இருபது வருசமாப் பூக்கட்டுறேன், ஒரு பூவும் என்னைய இப்படி ஏமாத்துனதில்ல" என்று அவள் குளம்பையே வைதுகொண்டு செருகினாள். ஆண்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். வேறு எதைச் செய்யவும் அவர்களைப் பெண்கள் விடவில்லை.

கருப்பரின் தோளும் பழைய கைகளும் இருந்த இடத்தை வெட்டி எடுத்திருந்தார்கள்; அது மட்டும் பெரிய ஓட்டையாகக் காத்திருந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் உதயசூரியனின் பைக் வந்தது. பின்சீட்டில் ஒருவன் ஷீட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். காற்றில் அது பாயாக விரிந்து பைக்கையே வயலுக்குள் தள்ளப் பார்த்ததாம். தோளைப் பொருத்தி, கைக்குச் செவந்தியே பல்பு செருகினாள். அருவாள் நுனியின் கடைசிப் பல்பை, யாரும் கேட்காமலே, சேவுகன் வந்து செருகினார். புதுக் கைக்குப் பல்பு கொஞ்சம் கூடுதல். சுகுணா அதற்கேற்பக் கணக்கை மாற்றி மெமரி கார்டில் ஏற்றி, பல்புகளை ஓடவைக்கும் கருவியில் போட்டாள். தட்டி மறுபடி எழுந்து நின்றது.

இதற்குள் பெண்கள் ஓடிப்போய்க் குடங்களோடு வந்துவிட்டார்கள். குடத்தில் நெல், மேலே விரிந்த தென்னம்பாளை, அதைச் சுற்றி அவர்களே கட்டிய பூ. கொட்டு தொடங்கிவிட்டது. வானத்தில் இன்னும் கொஞ்சம் செம்மை மிச்சமிருந்தது. உதயசூரியன் சுவிட்சில் கையை வைத்துச் சுகுணாவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள்.

முதலில் ஒரு வெள்ளைப் புள்ளி குதிரையின் நெற்றியில் எரிந்தது. அது கழுத்தில் இறங்கி, முதுகில் ஓடி, வாலில் சுழன்று, வயிற்றின் வழியே திரும்பி வந்தது. கருப்பரின் தலைப்பாகை எழுந்தது. தோளிலிருந்து சோற்றுக்கை நீண்டது, கையிலிருந்து அருவாள் வளைந்து நுனியில் மின்னியது. பிறகு கால்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறியதும் குதிரை கிழக்கே, கோயிலைப் பார்த்துப் பாய்ந்தது.

பின்னங்கால் எரிந்த இடத்தைப் பார்த்துச் சின்னம்மாதான் முதலில் குலவை போட்டாள். சாமிக்கு மட்டுமே போடுகிற குலவை. தொட்டாற்போல் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தெருவே நாவைச் சுழற்றியது. கூட்டத்தில் நின்ற வெள்ளைச்சாமி, பக்கத்திலிருந்தவரிடம், "எம் மக போட்டது. கணக்குப் படிச்ச புள்ள" என்று அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். சுகுணாவும் வாயைத் திறந்தாள். சிரிப்பும் குலவையும் ஒன்றாக வந்து இரண்டுமே சரியாக வரவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. சேவுகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"ஆத்தா, குதிரைய இம்புட்டு வெரசா வெரட்டாத."

"ஏன் பெரியப்பா?"

"பொம்பளைக தலையில குடத்தோட போறாகல்ல. சாமி பாட்டுக்கு ஓடிப் போயிட்டா எப்படி? கூடவே போகட்டும்."

சுகுணா கருவியின் திருகை மெல்லத் திருப்பினாள். பாய்ச்சல் ஓட்டமானது, ஓட்டம் நடையானது. செவந்தியின் கால் எட்டு வைக்கும்போது ஒரு குளம்பு எரிந்தது. அடுத்த எட்டுக்கு அடுத்த குளம்பு. கொட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாளத்தை அதற்கேற்ப மாற்றினார்கள். பாளைகள் அசைய, குடங்கள் கிழக்கே நகர்ந்தன.

"இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டாள்.

"போதும்த்தா" என்றார் சேவுகன். "இதுதான் நம்ம ஊரு நடை."